பிக்கப்பில் கியர் பாக்ஸ் மாற்றிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பிக்கப் ஓட்டுகிறவர்கள் கியர் பாக்ஸை மாற்றுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, பழைய நாலு கியர் வண்டி என்.எச். 48-ல் எழுபதைத் தாண்டினாலே எஞ்சின் அலறுகிறது, டீசலும் நிற்பதில்லை. அதற்கு ஓவர் டிரைவ் (எஞ்சினைவிட வெளி ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் கியர்) உள்ள ஐந்து கியர் பாக்ஸ் வேண்டும். இன்னொன்று, லோடோடு ஏலகிரியோ ஜவ்வாது மலையோ ஏற ஃபர்ஸ்ட் கியர் போதவில்லை. அதற்கு ஃபர்ஸ்ட் ரேஷியோ (வெளி ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று என்பது) பெரிதாக உள்ள பாக்ஸ் வேண்டும்.

மாற்றிய கையோடு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை பாக்ஸுக்குள் இருப்பதில்லை. பாக்ஸ் எஞ்சினோடு சேரும் முகத்தில், பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (பின்சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் நீளக் குழாய்) சேரும் இடத்தில், மேலே லீவர் வெளியே வரும் ஓட்டையில்தான் இருக்கும். "பாக்ஸ் மோசம், பிரிச்சிடு" என்று ஆரம்பித்தால் நல்ல பாக்ஸும் கெடும், கோளாறும் அப்படியே நிற்கும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு பிடிக்கும் வேலை கடைசியில்.

இது பின்சக்கர இழுவை உள்ள, கம்ப்யூட்டர் இல்லாத பழைய டீசல் பிக்கப்புகளுக்கு. பி.எஸ். 6 வண்டிகளில் நியூட்ரல் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், ஸ்பீட் சென்சார் மூன்றையும் எஞ்சின் கம்ப்யூட்டர் கவனித்துக்கொண்டே இருக்கும். அவற்றில் வேறு மாடல் பாக்ஸ் ஏற்ற வேண்டாம். எந்த வண்டியானாலும் ஆர்.சி.யில் உள்ள விவரம் எதுவும் மாறக்கூடாது என்பதுதான் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. பாக்ஸோடு சேர்த்து எஞ்சினையும் மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: காந்தக் காலுள்ள டயல் கேஜ், ஃபீலர் கேஜ், வெர்னியர், சாய்வு காட்டும் ஆப் உள்ள செல்போன், சாக்பீஸ், வெள்ளைத் துணி. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் நுழையாதீர்கள். ஸ்டாண்டு இரண்டு, தரையில் நிற்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். பாக்ஸ் ஒரு ஆள் எடை இருக்கும். நெஞ்சில் தாங்கி இறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது கியர் விழவில்லை, நிறுத்தினால் விழுகிறது

கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். பாக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உறுதி செய்ய: எஞ்சினை ஐடிலில் விட்டு, கிளட்சை முழுசாக மிதித்து, பத்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பாக்ஸ்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ (கியர் விழும் முன் வேகத்தைச் சமன்செய்யும் ரிங்) கிடையாது. பத்து விநாடிக்குப் பிறகும் கரகரத்தால் கிளட்ச் பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

*பெடலும் எண்ணெயும்.* ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் முதலில் காற்று எடுங்கள். ஸ்லேவ் சிலிண்டர் (கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளுவது) புதிய பாக்ஸில் வேறு கோணத்தில் உட்கார்ந்தால் பிளீடர் (காற்று எடுக்கும் திருகு) கீழ்ப்பக்கம் போய்விடும். எத்தனை தடவை பிளீட் பண்ணினாலும் காற்று மேலேயே தங்கும். அப்போது ஸ்லேவைக் கழற்றி, பிளீடர் மேலே பார்க்கும்படி கையில் பிடித்து, ராடு வெளியே வராமல் அழுத்திக்கொண்டு காற்றை எடுத்து, திரும்ப மாட்ட வேண்டும். கேபிள் கிளட்ச் என்றால் பெடலின் ஃப்ரீ பிளேயை (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) பாருங்கள். ரொம்ப அதிகம் இருந்தாலும் கிளட்ச் விடாது.

*ஃபோர்க் எவ்வளவு நகர்கிறது.* ஒரு ஆள் பெடலை மிதிக்கட்டும், நீங்கள் கீழே ஸ்லேவ் ராடு எத்தனை மி.மீ. நகர்கிறது என்று அளந்து பாருங்கள். பழைய பாக்ஸோடு இருந்ததைவிடக் குறைந்தால் குறை மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ், ஃபோர்க் குண்டு இந்த மூன்றில் ஒன்று. நகர்வு குறையாமல் இருந்தும் கிளட்ச் விடவில்லை என்றால் பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூடு) போக வேண்டியதுதான்.

*கீழே இருந்தபடியே ஒரு சோதனை.* எஞ்சினை நிறுத்தி, பின்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, டாப் கியரில் போடுங்கள். பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லி, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். பெல் ஹவுசிங்கில் பார்க்கும் ஓட்டை இருந்தால், பெடல் மிதித்த நிலையில் ஃபிளைவீலுக்கும் பிளேட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தாராளமாக நுழைந்து எதிர்ப்பக்கம் நுழையாவிட்டால் பிளேட் வளைந்திருக்கிறது, அல்லது பிரஷர் பிளேட் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

*பாக்ஸை இறக்கிய பின் பார்க்க வேண்டியவை*, இந்த வரிசையில்:

கிளட்ச் பிளேட் திருப்பிப் போட்டிருக்கிறதா? ஸ்பிரிங் கூடு எந்தப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறதோ அது பெரும்பாலும் பாக்ஸ் பக்கம் வரும். திருப்பிப் போட்டால் கூடு ஃபிளைவீல் போல்ட் தலைகளில் உரசும். போல்ட் தலைகளில் பளபளவென்று வட்டக் கோடு தெரிந்தால் வேறு காரணமே தேட வேண்டாம்.

பிளேட்டின் ஸ்ப்ளைன் (நடு ஓட்டையின் பல் காடி) இன்புட் ஷாஃப்டில் (எஞ்சின் பக்கமிருந்து பாக்ஸுக்குள் போவது) தானாகச் சறுக்குகிறதா? பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்து விட்டம் துளி மாறினாலும் பிளேட் பிடித்துக்கொள்ளும். தடுப்பு இல்லாமல் முழு நீளமும் போய் வர வேண்டும். கிரீஸ் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வழிய வழியத் தடவினால் சுற்றும்போது பறந்து பிளேட் முகத்தில் ஒட்டும்.

பைலட் பேரிங் (இன்புட் ஷாஃப்டின் மூக்கைக் கிராங்கில் தாங்குவது) சரியான அளவா? கியர் பாக்ஸ் மாற்றும் வேலையில் அதிகம் கோட்டை விடும் இடம் இதுதான். கிராங்க் ஓட்டையின் உள்விட்டம் எஞ்சினுடையது. இன்புட் ஷாஃப்ட் மூக்கின் வெளிவிட்டம் புதிய பாக்ஸுடையது. இரண்டும் ஒரே கம்பெனிச் சாமான் என்றாலும் மாடலுக்கு மாடல் மாறும். வெர்னியரில் இரண்டையும் அளந்து, நடுவே பொருந்தும் பேரிங் கிடைக்காவிட்டால் லேத்தில் பாஸ்பர் பிரான்ஸ் புஷ் கடைந்துகொள்ளலாம். கிராங்கில் அழுத்தி ஏற வேண்டும், ஷாஃப்டில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை இடைவெளி இருக்க வேண்டும். புஷ் இறுக்கமாக இருந்தால் கிளட்ச் விட்டாலும் கிராங்க், இன்புட் ஷாஃப்டையும் இழுத்துக்கொண்டே சுற்றும்; கியர் எப்படி விழும்?

மூக்கின் நீளம் சரியா? அடாப்டர் பிளேட் (வேறு மாடல் பாக்ஸை எஞ்சினோடு பொருத்தும் இடைத்தகடு) போட்ட வண்டிகளில் கட்டாயம் பாருங்கள். மூக்கு பைலட் பேரிங்குக்குள் நன்றாக ஏறியும் இருக்க வேண்டும், நுனி கிராங்கில் இடிக்காமல் 3 மி.மீ. அளவு மிச்சமும் இருக்க வேண்டும். மூக்கின் நுனியில் கிரீஸோடு துளி களிமண்ணை ஒட்டி, பாக்ஸை ஏற்றி இறக்கினால் களிமண் நசுங்கிய கனம் கணக்கைச் சொல்லிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாக்ஸ் கையால் தள்ளும்போதே பெல் ஹவுசிங் முகத்தோடு முகம் ஒட்டி உட்கார வேண்டும். கடைசி 5, 10 மி.மீ. இடைவெளியைப் போல்ட் முறுக்கி இழுத்து மூடவே கூடாது. மூக்கு கிராங்கில் இடித்துக்கொண்டிருந்தால் அந்தப் போல்ட் அழுத்தம் முழுவதும் கிராங்கின் திரஸ்ட் வாஷர் (கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் வளையம்) மேல் போகும். சில நூறு கிலோமீட்டரில் திரஸ்ட் தேய்ந்து எஞ்சினே கைக்கு வரும். அப்படி இழுத்து மாட்டிய வண்டி என்று தெரிந்தால், கிளட்சைச் சரிசெய்யும் முன் கிராங்க் புல்லியை முன்னும் பின்னும் நெம்பி டயல் கேஜில் எண்ட் பிளே (முன்பின் ஆட்டம்) பாருங்கள். அந்த எஞ்சினின் மேனுவலில் சொன்ன அளவைத் தாண்டியிருந்தால் வண்டியை எஞ்சின் வேலை செய்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள். இது கியர் பாக்ஸ் மெக்கானிக் வேலை இல்லை.

எஞ்சின் நின்றிருந்தாலும் கியர் விழவில்லை

லீவர் தரை ஓட்டையில் இடிக்கிறதா, பூட் ரப்பர் இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, ராடு அல்லது கேபிள் நீளம். கீழே போய் லிங்கைக் கழற்றி, பாக்ஸின் செலக்டரைக் கையால் தள்ளுங்கள். கையில் எல்லாக் கியரும் விழுந்தால் குறை லிங்கில். விழாவிட்டால் மேல் மூடியைக் கழற்றி, ஃபோர்க்குகள் ஸ்லீவின் (நகர்ந்து கியரைப் பூட்டும் வளையம்) காடியில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய சாமான் கடையிலிருந்து வரும் பாக்ஸ்களில் மேல் மூடியை யாராவது திறந்து பார்த்துவிட்டு, ஃபோர்க் விலகிய நிலையிலேயே மூடியிருப்பார்கள்.

இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்து பாக்ஸ் பூட்டிக்கொண்டால் இன்டர்லாக் குண்டு காணவில்லை. அதோடு வண்டியை ஓட்டக்கூடாது. பாக்ஸ் பிரித்துக் கட்டத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

ஒரு கியர் மட்டும் கரகரக்கிறது

எல்லாக் கியரும் கரகரத்தால் மேலே சொன்ன கிளட்ச் விஷயம். செகண்டு மட்டும், அல்லது தேர்டு மட்டும் என்றால் சிங்க்ரோ.

முதல் சோதனை ஆயில். பாக்ஸுக்கு ஜி.எல்.-4, பின் ஹவுசிங்குக்கு (பின்சக்கர அச்சுக் கூடு) ஜி.எல்.-5 என்பதைக் கலந்துவிட்டால் இந்தக் கோளாறு வரும். ஜி.எல்.-5 வழுக்கல் அதிகம். பித்தளைச் சிங்க்ரோ ரிங் பிடித்து வேகத்தைச் சமன்செய்ய விடாது. சில ஜி.எல்.-5 ஆயில்களில் இருக்கும் கந்தகச் சேர்மானம் நாளடைவில் பித்தளையையே அரிக்கும். "ரெண்டும் தொண்ணூறு ஆயில்தானே" என்று கடையில் சொன்னால் டப்பாவில் ஜி.எல். எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 80டபிள்யூ90, 75டபிள்யூ80 என்ற கனம் பாக்ஸ் செய்தவர் சொன்னபடி. எஞ்சின் எந்த வண்டியுடையது என்பது இதற்குக் கணக்கில்லை.

பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் காட்டுங்கள். மஞ்சள் பொடியாக மினுக்கினால் பித்தளை: சிங்க்ரோ தேய்கிறது. லேசாக இருந்தால் பயமில்லை. சாம்பல் பசையாகக் காந்தத்தில் ஒட்டுவது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் வெள்ளைச் சில்லு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. அந்தப் பாக்ஸை இனி ஓட்டாதீர்கள்.

சரியான ஆயில் மாற்றி 200, 300 கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் அதே கியர் கரகரத்தால் சிங்க்ரோ ரிங் மாற்ற வேண்டும். பிரஸ், புல்லர், ஷிம் அளவு தெரிந்த கை வேண்டும். பட்டறையில் சுத்தியலும் சிசலும் மட்டும் இருந்தால் அங்கே பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

கியர் கழண்டு நியூட்ரலுக்கு வருகிறது

சுமை ஏறும்போதா, ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போதா, மேடு பள்ளத்திலா என்று ஓட்டுகிறவரிடம் கேளுங்கள்.

மேடு பள்ளத்தில் மட்டும் என்றால் மவுண்ட் ரப்பர், அல்லது லீவர் தரையில் இடிப்பது. எஞ்சின் ஆடும்போது பாக்ஸும் ஆடும், லீவர் கேபினோடு ஆடாது. எல்லாக் கியரிலும் லீவரைச் சுற்றி 12 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிப் பெரிதாக்கிய ஓட்டையில் பழைய கெட்டி பூட் ரப்பரை இழுத்து மாட்டியிருந்தால் அதுவே லீவரைத் திரும்ப இழுக்கும். இந்த வேலைக்குக் காசே ஆகாது.

ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே கியர் மட்டும் கழண்டால் டிடென்ட் (விழுந்த கியரை அதே இடத்தில் பிடித்து வைப்பது) ஸ்பிரிங்கும் குண்டும் பாருங்கள். அடுத்து ஸ்லீவ் பல்லின் முனை உருண்டுவிட்டதா என்பது. அதற்குப் பாக்ஸைப் பிரிக்க வேண்டும்.

பல கியர்கள் கழண்டால், அதிலும் நேரடி டாப் கியர் கழண்டால், பாக்ஸைத் தொடாதீர்கள். பெல் ஹவுசிங் மையம் தப்பியிருக்கிறது. டாப்பில் இன்புட் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் ஒரே நேர்க்கோட்டில் பூட்டிக்கொள்கின்றன. முன்முனையை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்லீவ் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நடக்கும்.

அளப்பது இப்படி: பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, வெறும் பெல் ஹவுசிங்கை எஞ்சினில் முழு முறுக்கத்தோடு மாட்டுங்கள். டயல் கேஜின் காந்தக் காலை ஃபிளைவீலில் ஒட்டி, நுனியைப் பாக்ஸின் முன்மூடி உட்காரும் வட்ட ஓட்டையின் உள்சுவரில் வையுங்கள். கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினால் முள் ஆடும் மொத்த அளவு 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். முள் 0.40 ஆடினால் மையம் தப்பியது அதில் பாதி, 0.20. பிறகு நுனியைப் பாக்ஸ் ஒட்டும் முகத்தில் வைத்து அதே மாதிரி ஒரு சுற்று பாருங்கள். முகம் சாய்ந்திருந்தால் தெரியும். முகத்தில் பழைய பெயின்ட், வெல்டிங் பொட்டு, கேஸ்கெட் துண்டு இருந்தாலே சாய்வு வரும். சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

மையம் தப்பியிருந்தால் டவல் பின்னை (பெல் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் முளை) பிடுங்கி, மையம் பார்த்து, புதிதாகத் துளை போட வேண்டும். இதற்கு போரிங் மெஷின் உள்ள லேத் வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் மெஷின் வேலை செய்யும் பட்டறைகள் உண்டு. கேட்க வேண்டியது "டயல் போட்டு மையம் பார்ப்பீர்களா" என்பது ஒன்றுதான். கண் மதிப்பில் செய்கிறேன் என்பவரிடம் அடாப்டர் பிளேட் வேலை கொடுக்க வேண்டாம்.

சத்தம்

எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதுதான் விடை. பிரிக்காமலே இவ்வளவு சொல்லலாம்:

நியூட்ரலில், பெடலைத் தொடாதபோது சத்தம். பெடல் மிதித்தால் நிற்கிறது: இன்புட் ஷாஃப்ட் பேரிங் அல்லது லே ஷாஃப்ட் (பாக்ஸுக்குள் இருக்கும் துணை ஷாஃப்ட்) பேரிங். ஆயில் குறைவாக இருந்தாலும் இதே சத்தம்தான், லெவலை முதலில் பாருங்கள்.

பெடலில் கால் வைத்ததும் "கிர்ர்" என்கிறது: ரிலீஸ் பேரிங் (பெடல் மிதித்தால் பிரஷர் பிளேட் விரல்களை அழுத்துவது). புதிய பேரிங்கிலேயே வந்தால் அது பிரஷர் பிளேட் விரல்களின் மையத்தில் உட்காரவில்லை. விரல் நுனிகளில் தேய்ந்த தடம் ஒரே வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் அகலமாக இருக்கும்.

முழுசாக மிதித்து, கியர் போட்டு நிற்கும்போது மட்டும் கூவுகிறது: பைலட் பேரிங்.

டாப் கியரில் சத்தமில்லை, மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது: லே ஷாஃப்ட். நேரடி டாப்பில் மட்டும்தான் இழுவை லே ஷாஃப்ட் வழியாகப் போவதில்லை. ஐந்து கியர் ஓவர் டிரைவ் பாக்ஸில் பெரும்பாலும் நாலாவதுதான் நேரடி, ஐந்தாவது இல்லை. இதை மறந்து ஐந்தாவதில் சோதித்தால் தீர்ப்பு தப்பாகிவிடும்.

எந்தக் கியரானாலும் ஒரே வேகத்தில் ஊளையிடுகிறது, ஆக்சிலேட்டர் விட்டால் சுருதி மாறுகிறது: பின் ஹவுசிங்கில் கிரவுன் பினியன் (ஷாஃப்ட் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பும் பல் ஜோடி). பாக்ஸை விட்டுவிட்டுப் பின்னால் போங்கள்.

பேரிங் மாற்றுவது வரை கை தேர்ந்த மெக்கானிக் போதும். லே ஷாஃப்ட் பல் போயிருந்தால் பழுதுபார்ப்பதைவிட இன்னொரு பாக்ஸ் வாங்குவது சில நேரம் மலிவு. இரண்டுக்கும் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஓட்டும்போது அதிர்வு

முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அதிர்வு வரும் வேகத்தில் கிளட்ச் மிதித்து நியூட்ரலில் உருள விடுங்கள். அதிர்வு தொடர்ந்தால் ஷாஃப்ட், சக்கரம், கிரவுன் பக்கம். நின்றுவிட்டால் எஞ்சின், கிளட்ச், மவுண்ட் பக்கம். சோதனைக்குக் கிரீன் சர்க்கிளைத் தாண்டி பள்ளிகொண்டா டோல் நோக்கிப் போகும் நேர்ச்சாலை வசதி. காலையில் லாரி குறைவான நேரத்தில் போங்கள்.

ஷாஃப்ட் பக்கம் என்றால்:

*யோக் வரிசை.* ஷாஃப்டின் இரண்டு முனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே நேராக இருக்க வேண்டும். ஸ்லிப் ஜாயின்டைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டினாலே அதிர்வு வரும். கழற்றும் முன் சாக்பீஸில் ஒரு கோடு போட்டிருந்தால் இந்த வேலையே இல்லை.

*கோணம்.* புதிய பாக்ஸின் பின்மவுண்ட் உயரம் மாறியிருக்கும். கோளாறு பெரும்பாலும் இங்கேதான். வண்டியைச் சமதளத்தில் சக்கரங்கள் மேல் நிறுத்தி, வழக்கமான லோடில் பாதியை ஏற்றி, செல்போனைப் பாக்ஸ் வெளிமுக ஃபிளாஞ்ச், ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளாஞ்ச் மூன்றிலும் வைத்துச் சாய்வைக் குறியுங்கள். ஒற்றை ஷாஃப்ட் வண்டியில் பாக்ஸும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக, 1 டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு கிராஸிலும் (ஷாஃப்ட் முனையில் மடங்கும் மூட்டு) கோணம் 1 முதல் 3 டிகிரி. பூஜ்ஜியமும் நல்லதில்லை, ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் குத்தி நிற்கும். உதாரணம்: பாக்ஸ் 4 டிகிரி கீழே, பினியன் 1.5 டிகிரி மேலே என்றால் 2.5 டிகிரி இடிக்கிறது. பின்மவுண்டுக்கு அடியில் தகடு வைத்துப் பாக்ஸின் வாலைத் தூக்கினால் சரியாகும். தூக்கியபின் லீவர் ஓட்டையையும் ஃபேன், ரேடியேட்டர் இடைவெளியையும் மறுபடி பாருங்கள், எஞ்சினும் கூடவே சாயும்.

சென்டர் பேரிங் வைத்த இரண்டு துண்டு ஷாஃப்டில், முன்துண்டு பாக்ஸோடு கிட்டத்தட்ட நேராகப் போகும். சமன் பார்க்க வேண்டியது பின்துண்டின் இரண்டு முனைகளை. சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்திருந்தால் நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது மட்டும் குலுங்கும்.

*நீளம்.* வண்டி சக்கரத்தில் நிற்கும்போது ஸ்லிப் யோக் முழுசாக உள்ளே போன நிலையிலிருந்து 20 முதல் 25 மி.மீ. வெளியே இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் லோடு ஏறி ஸ்பிரிங் தாழும்போது ஷாஃப்ட் பாக்ஸின் வாலை இடிக்கும். அதிகம் வெளியே நின்றால் பிடிமானம் குறைந்து ஆடும்.

ஷாஃப்டை வெட்டி நீளம் மாற்றியிருந்தால் பேலன்சிங் மெஷின் உள்ள கடையில் பேலன்ஸ் போட்டே தீர வேண்டும். வெல்டிங் கடையில் வெட்டி ஒட்டி, நேராக இருக்கிறதே என்று மாட்டுவது உயிருக்கு ஆபத்து. எண்பதில் ஷாஃப்ட் முன்முனை கழண்டு தரையில் குத்தினால் வண்டி குட்டிக்கரணம் போடும்.

கிளட்ச் வழுக்குகிறது

பெடலுக்கு ஃப்ரீ பிளே இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் விரல்களை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. அது சரியென்றால் பெல் ஹவுசிங் அடித்துளையில் ஆயில் கசிகிறதா பாருங்கள். கியர் ஆயில் என்றால் கெட்ட முட்டை மாதிரி வீச்சம் அடிக்கும், இன்புட் சீல். கறுப்பாக இருந்தால் எஞ்சின் பின்சீல். ஆயில் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போட வேண்டாம், மாற்றுங்கள்.

ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுகிறது

கியர் ரேஷியோ மாறியதால் இது வராது. ஸ்பீடோமீட்டர் பாக்ஸின் வெளி ஷாஃப்டிலிருந்து ஓடுகிறது. கிரவுனும் டயரும் மாறாதவரை அந்த ஷாஃப்டுக்கும் சாலைக்கும் உள்ள கணக்கு மாறாது. மாறியது ஸ்பீடோ பினியனின் பல் எண்ணிக்கை. செல்போன் ஜி.பி.எஸ்.ஸில் 60 ஓடும்போது மீட்டர் 66 காட்டினால், இப்போதுள்ள 20 பல் பினியனுக்குப் பதில் 22 பல் போட வேண்டும். கணக்கு: இருக்கும் பல் × மீட்டர் காட்டுவது ÷ உண்மை வேகம். எஃப்.சி. காட்டப் போகும் முன் இதை முடித்துவிடுங்கள். ரிவர்ஸ் லைட் எரியவில்லை என்றால் ஸ்விட்ச் இருக்கும் இடம் மாறியிருக்கும், ஒயர் எட்டாமல் விட்டிருப்பார்கள்.

ஆயில் கசிவு, சூடு

எஞ்சின் சாய்வு மாறினால் லெவல் பிளக்கின் உயரமும் மாறும். பின்பக்கம் தாழ்ந்த பாக்ஸில் பிளக் வரை ஊற்றினாலும் முன் பேரிங்குக்கு ஆயில் போதாமல் போகும். எத்தனை லிட்டர் என்று அந்தப் பாக்ஸின் மேனுவலில் பார்த்து, அளந்து ஊற்றுங்கள். பிரீதர் (உள்ளே சூடாகும் காற்று வெளியேறும் துளை) அடைத்திருந்தால் ஓடிச் சூடானதும் சீல் வழியாகத் தள்ளும். சீல் மாற்றும் முன் பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் லோடு அடிக்கும் வண்டிக்கு முதல் ஆயிலை 1,000 கிலோமீட்டரில் மாற்றுவது நல்லது.

எல்லாம் சரி, ஆனால் இழுக்கவில்லை, அல்லது ஆர்.பி.எம். குறையவில்லை

பாக்ஸ் வேலை செய்கிறது, ரேஷியோ தப்பு. வாங்குவதற்கு முன் பழைய சாமான் கடைத் தரையிலேயே தெரிந்திருக்க வேண்டியது இது. பாக்ஸை ஐந்தாவது கியரில் போட்டு, இன்புட் ஷாஃப்டிலும் பின்ஃபிளாஞ்சிலும் சாக்பீஸ் கோடு போட்டு, இன்புட்டை 20 சுற்று சுற்றுங்கள். பின்னால் 25 சுற்று வந்தால் ரேஷியோ 0.80. ஃபர்ஸ்டில் 20-க்கு 4 சுற்று வந்தால் 5.00. எல்லாக் கியரையும் இப்படி எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

கிரவுன் ரேஷியோவையும் திறக்காமலே எண்ணலாம். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, மற்றதைத் தரையில் விட்டுக் கல் வைத்து, நியூட்ரலில் தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதைப் பத்தால் வகுங்கள். 43 வந்தால் கிரவுன் 4.30. ஒரு சக்கரம் நிற்கும்போது டிஃபரன்ஷியல் பாதியைத்தான் தரும், அதனால் இருபதுக்குப் பதில் பத்து.

இப்போது கணக்கு. 195/80 ஆர்15 டயர் சுமையோடு ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் போகும். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 635 சுற்று. 4.30 கிரவுனில் நேரடி டாப்பில் எஞ்சின் 2,730, 0.80 ஓவர் டிரைவில் 2,180. இதுதான் எதிர்பார்த்த லாபம். அதே வண்டியில் கிரவுன் 5.125 என்றால் ஓவர் டிரைவிலும் 2,600. "அஞ்சாவது போட்டும் கத்துது" என்பதற்குக் காரணம் பின்னால் இருக்கிறது, பாக்ஸில் இல்லை.

எதிர்ப்பக்கக் குறையும் உண்டு. வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி போகும் சாலை பாலாற்றை எதிர்த்து மேற்கே போவது. கண்ணுக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே ஒன்றரை டன்னோடு ஐந்தாவது நிற்காமல் எழுபதுக்கு இறங்குகிறது, திரும்பி வரும்போது காலி வண்டி அதே கியரில் பறக்கிறது என்றால் கோளாறே இல்லை. லோடில் நாலாவதில் போங்கள். 1,500-க்குக் கீழே ஐந்தாவதில் இழுத்தடித்தால் எஞ்சின் சூடாகும், கிளட்ச் ஸ்பிரிங் அடிவாங்கும். ஐந்தாவது எப்படி இருக்கிறது என்று தீர்ப்பு சொல்லும் முன் அந்தச் சாலையில் போக வர இரண்டு பக்கமும் லோடோடு ஓட்டிப் பாருங்கள்.

மலைக்கு மாற்றிய பாக்ஸில் வரும் முறையீடு வேறு. பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஃபர்ஸ்ட் நன்றாக இழுக்கிறது, செகண்டு போட்டதும் செத்துவிடுகிறது. ஃபர்ஸ்ட் 4.00-லிருந்து 5.00 ஆனால் இழுவை கால் பங்கு கூடும். ஆனால் செகண்டு 2.60 என்றால் 2,500-ல் மாற்றும்போது எஞ்சின் 1,300-க்கு விழும், டர்போ ஊதாத இடம். வளைவைத் தாண்டி நேரான பிறகு, 2,900 வரை ஏற்றி மாற்றினால் 1,500-ல் பிடித்துக்கொள்ளும். அப்படியும் நிற்காவிட்டால் முதல் இரண்டு கியருக்கும் இடையே இடைவெளி குறைந்த பாக்ஸ்தான் அந்த வண்டிக்குப் பொருத்தம்.

நெடுஞ்சாலை, மலை இரண்டிலும் கணக்கு ஒரே பக்கம் தப்பினால், அதாவது எல்லாக் கியரும் நீளமாகவோ (இழுவை போதாமல்) எல்லாக் கியரும் குட்டையாகவோ (ஆர்.பி.எம். குறையாமல்) இருந்தால், பாக்ஸை மறுபடி மாற்றாமல் கிரவுன் பினியனை மாற்றுங்கள். அதைக் கையில் எடுக்க வேண்டியவர் ஹவுசிங் வேலை மட்டுமே செய்கிறவர். பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள ஆட்டம்), பினியன் ஆழம், பல்லில் நீலம் தடவிப் பார்க்கும் தடம் மூன்றும் சரியாக வராத கிரவுன் 5,000 கிலோமீட்டர்கூடத் தாங்காது. புதிய கிரவுன் போட்டபின் ஸ்பீடோ பினியன் கணக்கை மறுபடி போட வேண்டும்.